திரும்பி வருகிற மாணாக்கர்

கனடா தேசத்து வாட்டர்லூ சர்வகலாசாலையின் பொறியியல் மாணாக்கரிற் சிலர், ஜனவரியில் உறைபனியை விட்டு விமானமேறி, கலிபோர்னியாவின் தொழில் நிலையங்களில் நான்கு மாத காலம் ஊதியம் பெற்று ஊழியம் புரிந்து, வசந்தம் பிறந்ததும் வகுப்பறைக்கு மீள்கிறார்கள். காண்போர் சம்பளத்தையும் கம்பெனியின் கீர்த்தியையும் வியக்கிறார்கள். எனக்கோ அவர்கள் மீள்வதே விசேஷமாகப் படுகிறது.

வகுப்பறையில் கற்பிக்க இயலாதவை தொழிலில் உண்டு என்று திடமாக நம்பிய ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர், 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் 27 மாணவரோடு தொடங்கிய இந்த மாறிமாறிப் பயிலும் முறையையே, 1957-ல் தோன்றிய வாட்டர்லூ தன் அஸ்திவாரமாகக் கொண்டது. பரீட்சையில் தவறான விடைக்கு மதிப்பெண்தான் குறையும். பட்டறையிலோ தவறான அளவினால் உலோகம் வீணாகி, அதைச் சீர்செய்ய முன்பின் அறியாத ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்க நேரும் என்ற பேதத்தைக் கண்ணாரக் கண்டவன், அடுத்த பருவத்தில் டாலரன்ஸ் என்னும், அளவில் அனுமதிக்கத்தக்க வித்தியாசம் பற்றிய பாடத்தை முன்போல் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்கமாட்டான். (கேட்கிற விதம் மாறினால், போதிக்கிறவருக்கும் சற்றுச் சிரமந்தான்.)

இவ்வளவு லாபத்தையும் பாழாக்குவது, எத்தேசத்துக் கல்லூரியாயினும், திரும்பியவனிடம் அத்தாட்சிப் பத்திரத்தை மாத்திரம் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடும் சம்பிரதாயமே. அவன் கண்டதைப் பேராசிரியர் எதிரே விவரிக்கவும், ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற குறுக்குக் கேள்விகளுக்கு விடை பகரவும், பருவத் தொடக்கத்திலேயே, பாடவேளையைக் குறைத்தாவது, சில மணி நேரம் ஒதுக்கவேண்டும். வெளிநாடு செல்ல வசதியற்ற சகபாடிகளும் அந்தச் சபையில் அமர்ந்து கேட்கட்டும்.