வெண்ணெய்ப்பழத்துக்கு எதற்குச் சீனி?

ஜூஸ் கடைகளில் 'பட்டர் ஃப்ரூட்' என்று எழுதிவைத்திருக்கும் வெண்ணெய்ப்பழத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு. அதன் 100 கிராம் சதையில் சர்க்கரை ஒரு கிராம்கூடத் தேறாது. கொடைக்கானல் கீழ்மலையில் காப்பிச் செடிகளுக்கு ஊடே விளைகிறது. அங்கேயுள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.-1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. அப்பேர்ப்பட்ட பழம் மலையிறங்கிக் கடைக்கு வந்ததும், அங்கிருக்கிற பானங்களிலேயே தித்திப்பானதாக மாறிவிடுகிறது. பால், ஐஸ், அப்புறம் டப்பாவிலிருந்து கரண்டி கரண்டியாகச் சீனி. மூன்று மேசைக்கரண்டி என்று வைத்துக்கொண்டாலே 36 கிராம். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரே தம்ளரில் இன்றைய பங்கும் போய், நாளைய பங்கிலும் கை வைத்தாயிற்று.

"சீனி வேண்டாம்ணே" என்று சொல்லிப் பாருங்கள். "அப்ப தேன் ஊத்தட்டுமா சார்?" என்று அக்கறையாகக் கேட்பார்.

வீட்டில் ஸ்மூத்தி அடிப்பவர்களும் இந்தத் தேனில்தான் வழுக்குகிறார்கள். வெள்ளைச் சீனியை ஒழித்துவிட்டோம் என்ற நிம்மதியில் தேனையும் நாட்டுச் சர்க்கரையையும் தாராளமாகப் போடுகிறார்கள். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். நாட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் இரும்பு இருக்கலாம், ஆனால் இரத்தத்துக்குள் போகும் இனிப்பு நாட்டுப்பற்றெல்லாம் பார்ப்பதில்லை. பேரீச்சம்பழமாவது நாரோடு வருகிறது. அதிலும் சாதாரணப் பழம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரை. மெஜூல் என்று விற்கிற பெரிய பழமென்றால் நான்கு. 'சர்க்கரை சேர்க்காதது' என்று ஆறு பேரீச்சையைப் போட்டு அரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் காணொளிகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சீனி இவ்வளவு தேவைப்படுவதற்கு ஒரு காரணம், ஐஸ். நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் டி.ஆர்.பி.எம்.5 என்றொரு புரதம் இருக்கிறது. சூடு ஏற ஏற அது சுறுசுறுப்பாகும். 15 டிகிரியில் மந்தமாகக் கிடப்பது 35 டிகிரியில் துள்ளும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் இதைக் காட்டினார்கள். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். பல் கூசும் குளிரில் பானம் வேண்டும், அது இனிக்கவும் வேண்டும் என்றால் சீனியைக் கொட்டாமல் முடியாது. வீட்டில் செய்யும்போது ஐஸை விட்டுவிடுங்கள். பானை நீரின் குளுமை போதும். அதே பழம், அதே அளவு, கூடுதலாகவே இனிக்கும்.

அடுத்த பிரச்சினை வடிகட்டி. மிக்சியோடு வரும் ஜூஸ் ஜாரின் நடுவில் ஒரு வலைக்குழாய் நிற்குமே, அதைக் கழற்றி வையுங்கள். பிரிட்டனில் பழத்தை அரைத்துவிட்டாலே அதன் சர்க்கரையைச் சீனிக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். ஜூஸும் ஸ்மூத்தியும் சேர்த்து நாளுக்கு 150 மில்லிதான் என்பது அங்கே அரசு சொல்லும் அளவு. அரைப்பதைவிட வடிகட்டுவதுதான் பெரிய பாவம் என்பது என் கட்சி. அரைத்த பழத்தில் நார் பொடிப்பொடியாகவாவது இருக்கிறது. அளவு விஷயத்தில் மட்டும் பிரிட்டன்காரர்களோடு ஒத்துப்போகிறேன். மூன்று சப்போட்டாவை உரித்துத் தின்ன நேரமும் பொறுமையும் வேண்டும். அரைத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும்.

எங்கள் வீட்டில் செய்வது இது. பாதி வெண்ணெய்ப்பழம், ஒரு கப் புளிக்காத கெட்டித் தயிர், நன்றாகப் பழுத்த ஒரே ஒரு ஏலக்கி வாழைப்பழம், ஒரு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு பேருக்குக் காணும். உப்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அது கசப்பை அடக்கி இனிப்பை மேலே கொண்டுவரும். ஏலக்காயின் வாசனை வந்தாலே பாயசம் சாப்பிட்டுப் பழகிய நம் நாக்கு பாதி ஏமாந்துவிடும். வாழைப்பழம் தோல் புள்ளிவிட்டுப் பழுத்ததாக இருக்கட்டும். காயிலிருந்த மாவெல்லாம் அதில் சர்க்கரையாகியிருக்கும், அதனால்தான் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது. ஜாரை மட்டும் முகர்ந்து பார்த்துவிடுங்கள். காலையில் பூண்டுச் சட்னி அரைத்த ஜார் என்றால் எந்த ஏலக்காயும் காப்பாற்றாது.

தயிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இளநீர் வழுக்கை இருக்கிறது; அரைத்தால் பாலாடை போல வரும். கெட்டியாக வேண்டுமென்று இன்னொரு பழத்தைச் சேர்ப்பதைவிட ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி மேல்.

கொய்யாவை நாம் மறந்தே போனோம். பேருந்து நிலையத்தில் கொய்யாவைக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தருகிறார்களே, அதற்கு யாராவது சீனி கேட்டிருக்கிறோமா? அதே பழம் தம்ளருக்குள் போனதும் மட்டும் ஏன் கேட்கிறோம்? பழுத்த சிவப்புக் கொய்யாவை மோரோடு அரைத்து, கொஞ்சம் உப்பு, நுனி விரலால் மிளகாய்த்தூள் போட்டுக் குடித்துப் பாருங்கள். 100 கிராம் கொய்யாவில் சர்க்கரை 9 கிராம் போல. நார் 5 கிராம். விதை பல்லில் மாட்டும்தான். பெரிய கண் வடிகட்டியில் விதையை மட்டும் தள்ளிவிடுங்கள். என் கட்சிக்கு இது விரோதம்தான், ஆனாலும் பல் முக்கியம்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்தப் பத்தியை நம்பித் தம்ளரைத் தூக்க வேண்டாம். உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசுவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில், வேலிமேல் நிற்பவர்களோடு. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் அப்படி நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். அவர்களில் பாதிப்பேராவது கோடையில் மாம்பழ மில்க் ஷேக் குடிக்காமல் இருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். அதற்கு மட்டும் என்னிடம் செய்முறை இல்லை. இமாம் பசந்தை மிக்சியில் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. இரண்டு கீற்று அறுத்து, தோலோடு கடித்து, முழங்கை வரை வழியவிட்டுச் சாப்பிடுங்கள்.