எலும்புக்கு விலை பேசுவோர்

கல்லடியின் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டில் எழுந்தது. ஆளுநர் மானிங்கின் மனைவியுடைய பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஒடுங்கிய அப்பாலத்தில் ஒரு பக்கத்து வண்டி கடந்து முடியும்வரை மறுபக்கத்து வண்டி காத்து நின்றது. 2013இல் அதன் அருகே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. காத்திருத்தல் ஒழிந்தது, வேகம் பெருகிற்று. நல்லதுதான். ஆனால் அந்த வேகத்துக்கு விலை கொடுப்பவர் யார்? விடியற்காலையில் மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்முனை வீதியில் ஏறுகிறவன். மேசன் வேலைக்குப் போகும் கூலியாள். பள்ளிக்கூடம் விட்டு வீதியைக் கடக்கும் பிள்ளை. இவர்களே அல்லவா?

கால் முறிந்த ஒருவன் வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் ஒரு கனவான் வருகிறார். கையிலே தோடம்பழம், சட்டைப் பையிலே எழுதி முடித்த கடதாசி. "நடந்தது நடந்துபோச்சு, எல்லாம் விதி" என்று தேற்றுகிறார். சிறு தொகையொன்றைத் தலையணையின்கீழ் வைத்து, கையொப்பம் கேட்கிறார். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாத மனைவி கணவனின் முகத்தைப் பார்க்கிறாள். அவன் ஒப்பமிடுகிறான். அந்தக் கணத்தில் ஓர் உழைப்பாளியின் எலும்பு விற்பனையாகிவிடுகிறது. விலையைத் தீர்மானித்தவர் வாங்குகிறவரே!

இதற்குப் பெயர் சமாதானமா? இல்லை, பசியைச் சாட்சியாக வைத்து நடத்தும் வியாபாரம்.

விதி என்கிறார்கள். குடிவெறியில் வண்டி ஓட்டியதும், தேய்ந்த தடுப்புக் கட்டையை மாற்றாமல் விட்டதும் எந்தக் கிரகத்தின் வேலை? அது மனிதனின் கவனயீனம். கவனயீனத்தால் பிறருக்கு இழப்பு நேர்ந்தால் ஈடு செய்ய வேண்டும் என்பது இந்நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படை. நட்டஈடு பிச்சையன்று, உரிமை.

"நீயும் பிழைவிட்டாய், உனக்கு ஒன்றும் கிடையாது" என்று இன்னொருவர் மிரட்டுவார். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இவ்வாயை அடைக்கிறது. காயப்பட்டவனிடமும் ஓரளவு தவறு இருந்தால், அந்த அளவுக்கு நட்டஈடு குறையுமேயன்றி அவன் உரிமை முற்றாக அழிந்துபோவதில்லை.

"சாரதியும் ஏழைதானே, அவன் வயிற்றில் அடிக்கலாமா?" என்று இரக்கமுள்ளோர் சிலர் கேட்கின்றனர். மதிக்கத்தக்க கேள்வி. ஆனால் வேலையின்போது சாரதி செய்த தவறுக்கு அவனை வேலைக்கமர்த்திய முதலாளியும் பொறுப்பாளி. அன்றியும், வீதியில் ஓடும் மோட்டார் வண்டிக்கு மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி வேண்டுமென்று 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஏழையை ஏழையோடு மோதவிடாமல் இருப்பதற்கே அந்த ஏற்பாடு. அதைப் பயன்படுத்தாமல் விட்டால் இலாபம் சாரதிக்கா, காப்புறுதி நிறுவனத்துக்கா?

பொலிஸார் வழக்குப் போட்டுவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று நம் மக்கள் நம்பியிருப்பது மற்றொரு பேதைமை. நீதவான் நீதிமன்றத்து வழக்கு சாரதியைத் தண்டிப்பதற்கானது. அவன் கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குச் சேரும். நீதவான் ஓரளவு நட்டஈடு விதிக்கலாம்; ஆயுட்கால உழைப்பின் இழப்புக்கு அது ஈடாகாது. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு வேண்டும். அதையும் இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் விதித்த கெடு அது. கட்டு அவிழ்ந்து, கடன் முற்றி, "பார்ப்போம்" என்று சொல்லியிருக்கும்போதே அந்த இரண்டு வருடம் கழிந்துவிடும்.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு சட்டத்தரணியை நாடுங்கள். கொழும்பிலிருந்து பெரிய பெயரைக் கொண்டுவந்தால்தான் வெல்லலாம் என்பது வீண் மயக்கம். வளைவையும், மணல் மூடிய வீதியோரத்தையும், விளக்கெரியாத கம்பத்தையும் நேரில் வந்து பார்க்கக்கூடியவர் ஊர்ச் சட்டத்தரணி. கண்டதைக் கண்டபடி நம் பேச்சிலே சொல்லும் கடைக்காரரையும் வலைகாரரையும் அவர் விளங்கிக்கொள்வார். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சட்ட வைத்திய அறிக்கை, மருந்துச் சிட்டைகள், சம்பளக் கணக்கு ஆகியவற்றை ஈரம் காயுமுன் சேர்த்து வைப்பார். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடாதே என்று தடுப்பார்.

ஆயினும் ஊரார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். இத்தகைய வழக்குகளை நடத்தியிருக்கிறாரா, எதிர்த்தரப்பு முதலாளிக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ வேலை செய்கிறவரா என்று கேளுங்கள். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வைத்தியசாலை வாசலில் தரகரை நிறுத்தி வழக்குப் பிடிப்பவரை அண்டவே வேண்டாம். தோடம்பழக் கனவானுக்கும் அவருக்கும் பேதமில்லை. கட்டணம் கொடுக்க வழியற்றவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மட்டக்களப்பிலும் அதன் நிலையம் உண்டு.

சட்டத்தரணிகளுக்கும் ஒரு வார்த்தை. அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பேதம் 1974இல் ஒழிந்தது. ஏழைக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள தூரம் எப்போது ஒழியப்போகிறது? தவணைக்குத் தவணை வந்து திண்ணையில் குந்தியிருக்கும் அந்த ஊன்றுகோல்காரன் உங்கள் கருணைக்குக் காத்திருப்பவன் அல்லன்; உங்கள் கல்விக்கு வரிகட்டியவன்.

"கோடேறியவன் உருப்பட்டதில்லை" என்று பெரியோர் சொல்வதுண்டு. தனியே ஏறியவன் உருப்படவில்லை என்பதே உண்மை. மீனவர் சங்கமும், மாதர் சங்கமும், கோயில் சபையும், பள்ளிவாசல் சபையும் காயப்பட்டவனின் வீட்டுக்கு ஒரு மாதம் அரிசி கொடுக்கட்டும். தலையணையின்கீழ் வைத்த காசை அவன் திருப்பிக் கொடுப்பான். பசி தீர்ந்தவனிடம் எலும்புக்கு விலை பேச எவனும் வரமாட்டான்.