முதலிடம் எதற்கு?

தன்னம்பிக்கை நூல்கள் இருக்கும் அலமாரியை அறுபதைக் கடந்தவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னேறுவதற்கு இனி என்ன இருக்கிறது என்ற எண்ணமே காரணம். ஸ்டீபன் கோவி எழுதி, 1989-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘செவன் ஹாபிட்ஸ் ஆஃப் ஹைலி எஃபெக்டிவ் பீப்பிள்’ என்ற நூலும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. இரண்டரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற நூல். தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. நிர்வாகம் பயில்வோருக்கான பாடநூல் என்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். நிதானமாக வாசித்தால், பணி ஓய்வு பெற்றவர்க்கே அது கூடுதலாகப் பொருந்துவது புலனாகும்.

கோவி தம் ஆய்வுக்காக, 1776 முதல் அமெரிக்காவில் வெளியான ‘வெற்றி’ நூல்களைப் படித்தவர். முதல் 150 ஆண்டுகளின் நூல்கள் நேர்மை, பொறுமை, பணிவு ஆகியவற்றைப் பேசின. பிந்திய 50 ஆண்டுகளின் நூல்கள் புன்னகையையும் பேச்சுத் திறனையும் பிறரைக் கவரும் உத்திகளையும் பேசின என்பது அவரது கணிப்பு. பண்பிலிருந்து தோற்றத்துக்கு நேர்ந்த இந்த நழுவலைத் தம் வீட்டிலேயே கண்டதாக அவர் எழுதுகிறார்.

அவருடைய மகளின் மூன்றாவது பிறந்தநாள். கோவி வீடு திரும்பியபோது, குழந்தை தனக்கு வந்த பரிசுகளை எல்லாம் அணைத்துக்கொண்டு, எவரும் தொடக்கூடாது என்று அடம்பிடித்துக் கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் பார்த்துக் கொண்டிருந்தனர். அக்காலத்தில் கோவி பல்கலைக்கழகத்தில் மனித உறவுகள் குறித்துப் பாடம் நடத்திவந்தார் என்பதால் வெட்கம் இரு மடங்காயிற்று. கேட்டுப் பார்த்தார், நயமாக எடுத்துரைத்தார், தின்பண்டம் தருவதாக ஆசை காட்டினார், அதட்டினார். எதுவும் பலிக்காமல் போகவே, சில பொம்மைகளைப் பிடுங்கி மற்றக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டார். பிற்பாடு எண்ணிப் பார்க்கையில்தான், மகளின் வளர்ச்சியைக் காட்டிலும் அந்தப் பெற்றோர் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதே அப்போது தமக்குப் பெரிதாக இருந்தது என்று அவருக்கு விளங்கிற்று. ‘என்னுடையது’ என்ற நிறைவு வாய்த்த பின்னரே பகிரும் மனம் வரும் என்பதும் அவர் கண்ட உண்மை. பேரக் குழந்தைகளை விருந்தினர் முன்னிலையில் பாடச் சொல்லியும் வணங்கச் சொல்லியும் வற்புறுத்தும் தாத்தா பாட்டிமார் இந்தப் பக்கத்தை இரு முறை வாசிக்கலாம்.

ஒருவர் தம் வாழ்வை எதை மையமாக வைத்து நடத்துகிறார் என்று ஆராயும் பகுதியே நூலின் இதயம். துணை, குடும்பம், பணம், வேலை, உடைமை, இன்பம், நண்பர், பகைவர், தேவாலயம், தான் எனப் பத்து மையங்களைக் கோவி எடுத்துக்கொள்கிறார். பணமும் உடைமையும் மையமாகலாகாது என்பதில் புதுமை இல்லை. வியப்பளிப்பது, அந்தப் பட்டியலில் தேவாலயமும் இருப்பதே. இதை எழுதியவர் நாத்திகர் அல்லர்; மார்மன் நெறியில் ஆழ்ந்த பற்றுடையவர், இளமையில் தம் சபையின் ஊழியராக இங்கிலாந்து சென்று தொண்டாற்றியவர். ஆலயத்துக்குத் தவறாமல் செல்வதும் அகத்தே பக்தி கனிவதும் ஒன்றாகிவிடா; ஆலயப் பணிகளில் மூழ்கியவர் தம் அருகிலேயே இருப்பவரின் துன்பத்தைக் காணாமற் போகக்கூடும் என்று அவர் எச்சரிக்கிறார். நாள்தோறும் ஆலயம் செல்லும் அன்பர்களுக்கு இது சற்றே கசக்கும். ஆனால் பிரதோஷம் ஒன்றையும் தவறவிடாதவர், மூட்டுவலியோடு வீட்டில் இருக்கும் மனைவி மாலையில் எவரோடு பேசுகிறார் என்று எண்ணிப் பார்த்திருப்பாரா? கோவியின் கேள்வி நம் வாசற்படிக்கும் வருகிறது.

மற்றொரு பயிற்சியை நம் இல்லங்களில் வாய்விட்டுச் சொன்னால் அபசகுனம் என்பார்கள். மூன்றாண்டுகள் கழித்து நிகழும் தம் இறுதிச் சடங்கை வாசகர் கற்பனை செய்ய வேண்டும். குடும்பத்தார், நண்பர், உடன் பணியாற்றியவர், ஆலயம் அல்லது பொதுத் தொண்டில் அறிந்தவர் என நால்வர் பேசுவார்கள். அவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்பது வினா. முப்பது வயதினர்க்கு இது கற்பனை. எழுபத்தைந்து வயதினர்க்கு ஏறக்குறைய நாட்காட்டி.

செயல்களை அவசரம், முக்கியம் என்று பிரித்துக் கட்டம் போடும் பகுதி பலரும் அறிந்ததே, விரித்துரைக்க வேண்டியதில்லை. மணியடிக்கும் தொலைபேசி அவசரம், ஆனால் முக்கியமாக இருக்க வேண்டியதில்லை. முக்கியமாயினும் அவசரமற்ற பணிகளோ தாமாக மணியடித்து அழைப்பதில்லை. அவையே ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போகின்றன. பேச்சு நின்றுபோன தம்பிக்குக் கடிதம் எழுதுவது அத்தகையது. வைப்புத்தொகை எந்த வங்கிக் கிளையில் உள்ளது, ரசீது எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவிக்குச் சொல்லி வைப்பதும் அத்தகையதே. நாமினியாகப் பெயர் குறித்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கின்றனர். வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும்; அதனால் மட்டும் அவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, வாரிசுகளின் உரிமை நிலைத்தே இருக்கும். எவருக்கு எது சேர வேண்டும் என்பதை உயில்தான் சொல்ல வேண்டும். சாதாரண வெள்ளைத்தாளிலும் அதனை எழுதலாம். பதிவு செய்தல் கட்டாயமன்று, சாட்சிகள் இருவர் கையொப்பம் கட்டாயம்.