முத்து பதித்த அழைப்பிதழ்

புதுக்கடைப் பக்கம் கல்யாண அழைப்பிதழ்கள் இப்போது நகைப்பெட்டி போல வருகின்றன: மூன்று மடிப்பு, ரிப்பன், முத்து, பளபளக்கும் கருஞ்சிவப்பு உறை. அதன்மேல் பேனா மை பிடிக்காது. அஞ்சல் முத்திரையும் வழுக்கும். குத்திவைத்த ஸ்டேப்ளர் கம்பி அடுத்தவர் கடிதத்தையும் கிழிக்கும். பழைய இன்லண்ட் லெட்டரைப் பாருங்கள். தாளே உறை. மடித்து ஒட்டினால் போதும், உள்ளே எதுவும் வைக்கக்கூடாது என்பது விதி. வடிவமைப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோடும் அந்த ரகம். 629 என்று தொடங்கினால் புதுக்கடை இருக்கும் குமரி மாவட்டம். 622 என்றால் புதுக்கோட்டை. (புதுக்கடை, புதுக்கோட்டை என்ற இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் குழப்பாதவர் உண்டா?) அச்சகத்தாரே, முத்தைக் குறையுங்கள், முகவரிக்கு வெள்ளை இடமும் பின்கோடுக்கு ஆறு கட்டமும் விடுங்கள்.