தை பிறந்த பின் மலையேறுவோம்

யூபிலி ஆண்டையொட்டி மாணவரை மலைநாட்டுத் தேசிய பூங்காக்களுக்கு அழைத்துச் செல்லல் வேண்டுமென்னும் எண்ணம் பழைய மாணவரிடையே எழுந்திருப்பது கண்டு மகிழ்கின்றோம். உவர்க்காற்றும் பனைநிழலுமே கண்டு வளர்ந்த எம் பிள்ளைகள் மரை மேயும் புல்வெளியையும் முகில் தவழும் காட்டையும் காணல் நன்றே. ஆயின், ஆகஸ்ட் விடுமுறையிற் போகலாமென்று சிலர் கூறுவதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ளோம்.

காரணம் சொந்த அனுபவமே. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஓர் ஆகஸ்டிற் புறப்பட்டோம். இரண்டு நாளில் எட்டு இடங்கள். வழி முழுவதும் பஸ்ஸினுள் ஒலிபெருக்கி. ஹோட்டன் சமவெளியை அடைந்தபோது பகல் பதினொரு மணி. உலக முடிவில் நின்று வெண்புகாரை நோக்கினோம்; காலடியில் ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம் உண்டென்பதைப் பிறர் சொல்லியே அறிந்தோம். வாகனத் தரிப்பிடத்தில் நின்ற மரையொன்றுக்கு எம்முள் ஒருவர் பிஸ்கட் நீட்டினார். அதனைப் படமெடுத்துக்கொண்டதே நாம் கண்ட வனவிலங்குக் காட்சி! பிழை எமதேயன்றி மலையினது அன்று.

தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று வீசும் அம்மாதங்களில் அங்கு மழையும் புகாருமே மிகுதி. தை முதற் பங்குனி வரையுமே வானம் தெளிந்திருக்குங் காலம். அப்பொழுதுங்கூடக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் புகார் மூடிவிடுமாதலின், நுவரெலியாவில் இராத்தங்கி, விடியுமுன் புறப்பட்டு, பூங்காவின் வாயில் திறக்கும் வேளையில் அங்கு நிற்றல் வேண்டும். ஒன்பது கிலோமீற்றர் நடை. அவசரப்படுவோர் எதையுங் காணார். மறுநாட் காலையை நுவரெலியாவிலுள்ள கல்வேஸ்லண்ட் பூங்காவுக்கு ஒதுக்கலாம். அது மிகச் சிறியதே. எனினும் காஷ்மீரத்து மலைகளிற் பிறந்த சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான் குருவி குளிர்காலத்தைக் கழிக்க அந்நகர்ச் சோலைகளையே நாடி வருகின்றது.

அதே மாதங்களில் எம் வாயிலிலும் விருந்தினர் உளர். மன்னார்த் தீவுக்குச் செல்லும் பெருந்தெருவின் இருமருங்கும் பரந்த வங்காலைச் சரணாலயத்தில் வட ஆசியாவிலிருந்து வந்த ஊசிவால் வாத்துக்கள் ஆயிரக்கணக்கில் மிதக்கும்; பூநாரைகள் ஆழமற்ற நீரில் அணிவகுத்து நிற்கும். ஆகஸ்டிலோ இவற்றுட் பெரும்பாலன இங்கில்லை. 2008இற் சரணாலயமாகிய இவ்விடம் 2010இல் றம்சார் ஈரநிலமென ஏற்கப்பெற்றது; ஹோட்டன் சமவெளியை உள்ளடக்கிய மத்திய மலைநாடு உலக மரபுரிமையானதும் அதே ஆண்டிலேயாம். நாள்தோறும் இவ்வழியே பள்ளிக்கு வரும் எம் மாணவருள் எத்தனை பேர் அப்பறவைகளுள் நான்கின் பெயரையாவது அறிவர்? அவர்களைக் குறை கூறோம். நாமும் அறியாதே படித்து வெளியேறினோம்.

ஆதலின், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இப்பயணத்தின் முதல் நிறுத்தம் வங்காலையாகவே இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. விடியற்காலையில் ஒரு மணி நேரம் அங்கு நின்று, தொலைநோக்கியை ஒருவர் பின் ஒருவராகக் கைமாற்றிப் பார்த்துவிட்டு, பின்னர் மதவாச்சி, தம்புள்ளை, கண்டி வழியாக மலையேறலாம். பெப்ரவரி 4ஆந் திகதிச் சுதந்திர தினம் வார இறுதியை அடுத்து வரும் ஆண்டாயின் மூன்று நாட்கள் தாமாகவே கிடைக்கும். அக்காலத்தில் சமவெளியில் உறைபனியும் படியுமாதலால், கம்பளிச் சட்டை இல்லாத பிள்ளைகளுக்கு அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பைப் பழைய மாணவர் ஏற்பாராக. பொலித்தீன் பைகள் வாயிலிலே தடுக்கப்படும். ஒலிபெருக்கியை நாமே வீட்டில் விட்டுச் செல்வோம்.