டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. தை, மாசி மாதங்களில் மேலூர், வாடிப்பட்டி வயல்களிலிருந்து நெல் மூட்டையும் வைக்கோல் கட்டும் கொள்முதல் நிலையத்துக்கும் களத்துக்கும் போகின்றன. கோடை வந்தால் கண்மாய் வண்டல். சூளைகளிலிருந்து செங்கல், புறநகர் மனைகளுக்கு எம்-சாண்ட், சவுடு, குழாய்த் தண்ணீர் எட்டாத தெருக்களுக்குத் தண்ணீர் டேங்க் என்று மற்ற நாட்களும் நிரம்பிவிடுகின்றன. நகருக்குள்ளே பிக்கப் வேன்களும் குட்டி யானைகளும் கான்கிரீட் கலவை மெஷினைக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்கின்றன. இவை எல்லாவற்றிலும் முன்னால் போகும் வண்டிக்குப் பிரேக் உண்டு. பின்னால் வரும் வண்டிக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால், பாரம் முழுவதும் இருப்பது பின்னால்தான்.

750 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடையோடு சாலையில் இழுக்கப்படும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் சொந்தமாக பிரேக் இருக்க வேண்டும். ஓட்டுநருக்கு அபராதம் போட்டு இதைச் செய்ய முடியாது. பட்டறையிலும் பதிவு அலுவலகத்திலும் மானியத் திட்டத்திலும் தொடங்கினால்தான் முடியும் என்பது நமது நிலைப்பாடு.

கணக்கைப் பார்த்தாலே ஆபத்து விளங்கும். 50 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. அதன் எடை நாலரை டன்னை நெருங்கும். ஒரு செங்கல் மூன்று கிலோ என்று வைத்தாலும் இரண்டாயிரம் கல் ஆறு டன். ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் ஐந்து டன். அது அலைமோதும்போது வண்டியையும் சேர்த்து ஆட்டும். இதோடு டிரெய்லரின் சொந்த எடையும் சேர்கிறது. ஆக, இரண்டு டன் வண்டி தன்னைவிட மூன்று மடங்கு எடையை இழுக்கிறது. நிறுத்த வேண்டிய வேளையில் அவ்வளவு எடையையும் டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டே பிடித்து நிறுத்தியாக வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் அங்கு மட்டும்தான் இருக்கிறது. வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால் நிறுத்தத் தேவையான ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது.

டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல்கள் உண்டு. உழும்போது வரப்போரத்தில் சட்டென்று திரும்புவதற்கான ஏற்பாடு அது. சாலையில் ஏறும்போது இரண்டையும் தாழ்ப்பாளிட்டு ஒன்றாக்கிவிட வேண்டும். வயலிலிருந்து அவசரமாகக் கிளம்புகிறவர் அதை மறந்தால், ஒரு பெடலில் கால் வைத்த கணத்தில் டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்கும். பின்னால் வரும் டிரெய்லர் நேராகத் தள்ளும். டிராக்டர் குறுக்கே மடங்கிக் கவிழும். “லோடு தள்ளிருச்சு” என்று ஓட்டுநர்கள் சொல்வது சாக்கு அல்ல; நடந்ததன் துல்லியமான விவரம் அது.

‘மதுரை சமவெளிதானே, மலைப்பாதையா என்ன?’ என்று கேட்கலாம். கண்மாய்க் கரையில் ஏறி இறங்காமல் வண்டல் அள்ள முடியாது. விவசாயிகள் நீர்நிலைகளில் வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. நல்ல முடிவுதான். அந்த மண்ணைச் சுமந்து கரைச் சரிவில் இறங்கும் வண்டி எதைக் கொண்டு நிற்கும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். ரயில்வே மேம்பாலங்களின் இறக்கங்கள், நான்குவழிச் சாலையின் சந்திப்புகள், தேனி சாலையில் ஆண்டிபட்டி கணவாய் என்று பிரேக்கைச் சோதிக்கும் இடங்களுக்கு இங்கே குறைவில்லை. டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டால், இன்ஜின் தரும் கொஞ்சநஞ்சத் தடையும் போய்விடும். மாட்டுவண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது மாடுகள் கழுத்தைக் கொடுத்து நுகத்தடியில் பாரத்தைத் தாங்கிப் பிடித்தன. டிராக்டருக்கு அப்படிப்பட்ட கழுத்து இல்லை.

கலவை மெஷின் விஷயம் இன்னும் மோசம். அது வண்டியா, கருவியா என்ற கேள்வியே எழாமல் சாலையில் ஓடுகிறது. எண் பலகை இல்லை, பின்விளக்கு இல்லை, பிரேக் இல்லை. பட்டறையில் பற்றவைத்த ஒரு கொக்கியும் ஒரு பின்னும்தான் பிணைப்பு. ஒரு டன்னைத் தாண்டும் மெஷின்களும் உண்டு. கான்கிரீட் வேலை முடிந்து இருட்டிய பிறகு, அதன் மேலேயே கூலித் தொழிலாளர்கள் அமர்ந்து வருவதை மதுரை வாசிகள் அன்றாடம் பார்க்கிறார்கள். பின் கழன்றால் அந்த மெஷினைத் தடுக்க ஒரு பாதுகாப்புச் சங்கிலிகூடப் பல வண்டிகளில் இருப்பதில்லை.

விபத்து நடந்த பிறகு என்ன நடக்கிறது? ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்ற வழக்கமான வாசகத்தோடு முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கூலிக்கு ஓட்டியவர் சிறைக்குப் போவார். பிரேக் இல்லாமல் டிரெய்லரைச் செய்து விற்ற பட்டறையோ, அதை வாங்கி வாடகைக்கு விட்டவரோ, பதிவுசெய்து கொடுத்த அலுவலகமோ அந்த அறிக்கையில் இடம்பெறுவது அரிது. ஓட்டுநர்கள் கவனமாக ஓட்ட வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால், எட்டு டன்னை இரண்டு சக்கரங்களால் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கவனத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 61ஆம் பிரிவு, டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்கிறது. டி.என். 58, 59, 64 என்று எண் தாங்கிய டிராக்டர்களின் பின்னால் போகும் டிரெய்லர்களில் எத்தனைக்குத் தனி எண் இருக்கிறது என்று சாலையோரம் சற்று நின்று பார்த்தாலே நிலவரம் புரிந்துவிடும். முறையாகப் பதிவானவற்றிலும் ஓட்டை உண்டு. சரக்கு வாகனம் என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் தகுதிச் சான்றுக்கு வந்தே தீர வேண்டும். விவசாயப் பயன்பாட்டுக்கெனப் பதிவானால் 15 ஆண்டுகள் வரை எந்த ஆய்வாளரின் கண்ணிலும் பட வேண்டியதில்லை. காலையில் உர மூட்டை ஏற்றிய அதே டிரெய்லர் மாலையில் வாடகைக்கு ஜல்லி அடிக்கிறது. ஆவணத்தில் அது உழவன் வண்டி, சாலையில் அது லாரி.

ஓட்டுநர் உரிமத்திலும் இதே நிலைதான். டிராக்டர் ஓட்ட உரிமம் பெற்றவர், டிரெய்லர் இணைத்த டிராக்டரையும் ஓட்டலாம் என்று 2001இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இழப்பீட்டுக்காக அலையும் குடும்பங்களுக்கு அத்தீர்ப்பு நன்மையே செய்தது. ஆனால், அதற்கேற்பப் பயிற்சியை விரிவாக்கும் பொறுப்பை நிர்வாகம் எடுத்துக்கொள்ளவில்லை. தேர்வில் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரை இறக்கத்தில் நிறுத்திக் காட்டும்படி டிராக்டர் ஓட்ட வருபவரிடம் யாரும் கேட்பதில்லை.

வெளிநாடுகளில் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அமெரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் எடை வரம்பு மாறும். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ என்பது வரம்பு. அங்கு பிக்கப் டிரக்கில் குதிரைப் பெட்டியையும் படகையும் இழுப்பது அன்றாடம் என்பதால், டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்தே இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை வண்டியோடு சேர்த்தே பொருத்தி விற்கிறார்கள். ஓட்டுநர் பெடலை மிதித்ததும், எவ்வளவு அழுத்தினாரோ அதற்கேற்ற மின்சாரம் டிரெய்லர் சக்கரத்திலுள்ள மின்காந்தத்துக்குப் போகும். அது பிரேக் கட்டையை டிரம்மோடு அழுத்தும். டிரெய்லர் மட்டும் அலைந்தால் அதை மட்டும் பிடிக்கத் தனி நெம்புகோல் உண்டு. இணைப்பு அறுந்தால் ஒரு கம்பி பின்னை உருவிவிடும். டிரெய்லரிலுள்ள பேட்டரி தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும்.

இத்தனையும் மதுரைக்கு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மின்னணுக் கருவி இல்லாமலே இயங்கும் எளிய முறைகள் உள்ளன. இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுவிசையையே கொண்டு டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் அமைப்பு பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. கலவை மெஷினுக்கும் சிறிய டிரெய்லருக்கும் அது போதும். கனமான டிப்பர்களுக்கு, டிராக்டரின் ஹைட்ராலிக் அழுத்தத்தையோ காற்றழுத்தத்தையோ கொண்டு இயங்கும் பிரேக்குகளைப் பொருத்தலாம்.

இவற்றைச் செய்யும் திறமை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனத்திலிருந்து கிளைத்ததுதான் டிவிஎஸ் குழுமம். அக்குழுமம் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. உலகச் சந்தைக்குப் பிரேக் செய்யும் தொழிலின் வேர் ஓடியிருக்கிற ஊரில், செங்கல் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை என்பதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

செலவைக் காரணம் காட்டலாம். அதில் நியாயமும் இருக்கிறது. இடுபொருள் விலையும் டீசல் விலையும் ஏறிக் கிடக்கும்போது, டிரெய்லருக்குப் புதுச் செலவு என்றால் விவசாயி முகம் சுளிக்கத்தான் செய்வார். அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை அரவை இல்லாமல் கிடப்பதால், கரும்பு ஏற்றிப் பிழைத்த டிராக்டர்காரர்கள் வாடகைக்கு வேறு லோடு தேடும் நிலையில் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் திடீரென்று ஒரு விதியைச் சுமத்துவது, சோதனைச் சாவடியில் மாமூலைக் கூட்டத்தான் உதவும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அதனால் அதிகபாரம் நின்றுவிடவில்லை என்பதை எல்லோரும் அறிவார்கள்.

அதனால்தான் மானியத்திலிருந்து தொடங்கச் சொல்கிறோம். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் கருவிகளின் விலையில் 50 சதவீதம் வரையிலும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையிலும் மானியம் கிடைக்கிறது. டிரெய்லர் பிரேக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் விவசாயியின் சுமை பாதியாகக் குறையும். மானியத்தில் கொடுக்கும் ஒவ்வொரு டிராக்டரிலும் டிரெய்லர் பிரேக்குக்கான இணைப்பு இருக்க வேண்டும் என்று வேளாண் பொறியியல் துறை நிபந்தனை விதிக்கலாம்.

பிரேக் பற்றிய விதிகளை வகுக்கும் அதிகாரம் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. பழைய டிரெய்லர்களுக்குக் கால அவகாசம் கொடுத்து, புதியவற்றுக்கு உடனடியாகக் கட்டாயமாக்கும் தெளிவான அறிவிப்பைத் தரைவழிப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட வேண்டும். அதற்காகக் காத்திராமல் மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியவையும் உண்டு. மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் டிரெய்லர் செய்யும் பட்டறைகளைக் கணக்கெடுத்து, தியாகராசர் பொறியியல் கல்லூரியின் உதவியோடு ஒரு எளிய பிரேக் வடிவமைப்பை அவற்றுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். வண்டல் அள்ள அனுமதிச் சீட்டு கொடுக்கும்போதே டிரெய்லரின் பதிவெண், பின்விளக்கு, ஒளிரும் பட்டை, பாதுகாப்புச் சங்கிலி ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். கட்டட ஒப்பந்ததாரர் கலவை மெஷினை டிரெய்லர்போல இழுத்துச் செல்வதைத் தடுத்து, வேனில் ஏற்றிச் செல்லச் சொல்லலாம்.

ஆள் ஏற்றும் வழக்கத்துக்கும் முடிவு கட்ட வேண்டும். நாற்று நடவுக்கும் காதுகுத்துக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் டிரெய்லரில் குடும்பம் குடும்பமாக ஏறி வருவது இங்கே பழகிய காட்சி. உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே காட்டம்பூரில் 2022 அக்டோபர் 1 அன்று கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளுமாக 25 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் அம்மாநில அரசு டிரெய்லரில் ஆள் ஏற்றினால் 10,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. டிரெய்லரில் பயணம் செய்து இறந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பேற்க மறுப்பதும், குடும்பம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறுவதும் தமிழ்நாட்டிலும் நடப்பதுதான். திருவிழாக் காலத்தில் கிராமங்களுக்குக் கூடுதல் பேருந்து விடுவது, தடை உத்தரவு போடுவதைவிடப் பயன் தரும்.

2022இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே இதுதான் அதிகம். 17,884 பேர் உயிரிழந்தார்கள். ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் காட்டிய பிடிவாதத்தில் ஒரு பங்கைக்கூட இதுவரை டிரெய்லர் பிரேக்குக்கு அரசு காட்டவில்லை. அடுத்த அறுவடைக்குள் மானியப் பட்டியலில் டிரெய்லர் பிரேக் இடம்பெற வேண்டும். அடுத்த ஆண்டு முதல் பிரேக் இல்லாத புதிய டிரெய்லர் எதற்கும் மதுரையின் எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் பதிவெண் கொடுக்கக் கூடாது.