சதி என்று சொன்னால் போதுமா?

பிள்ளைச்சாவடியில் வலை உலரும் மணல்மேட்டை விட்டுச் சாலைக்கு ஏறினால், காலாப்பட்டில் இரண்டு கட்டடங்களைக் காணலாம். ஒன்று, அம்பேத்கர் பெயர் தாங்கிய அரசு சட்டக் கல்லூரி. மற்றொன்று, மத்தியச் சிறை. சட்டம் படிப்பவனுக்கும் சட்டத்தில் சிக்கியவனுக்கும் ஒரே கடற்காற்றுதான். ஆகவே, பிள்ளைச்சாவடித் திண்ணைகளில் நீதியைப் பற்றிப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. கத்தி எடுத்தவனைக் கண்டவர் சொல்லலாம். மனத்துக்குள் போட்ட சதியை யார் கண்டார்? அதை எப்படி மெய்ப்பிப்பது? இதுதான் கேள்வி. நல்ல கேள்வி.

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். புதுவை நீதிமன்றத்திலிருந்தே தொடங்குவோம். காஞ்சி வரதராசப் பெருமாள் கோவில் மேலாளர் சங்கரராமன், 2004 செப்டம்பர் 3-இல் கோவில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சதி என்றது காவல்துறை. காஞ்சி மடத்தின் தலைவர் செயேந்திரரே அந்த ஆண்டு நவம்பரில் கைதானார். வழக்கை 2005-இல் உச்ச நீதிமன்றம் புதுவைக்கு மாற்றியது. விசாரிக்கப்பட்ட சாட்சிகள் 189 பேர். பிறழ்ந்தவர்கள் 83 பேர்! அப்ரூவராக வந்தவரும் பிறழ்ந்தார். 2013 நவம்பர் 27-இல் அனைவரும் விடுதலை. சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்றது மன்றம்.

மடத்துத் தலைவர் கைதான அன்று நம்மவர் சிலர் துள்ளினார்கள். அந்தத் துள்ளல் தவறு. சாட்சி இல்லாமல் சந்நியாசியைத் தண்டிக்கக் கூடாது. சம்சாரியையும் தண்டிக்கக் கூடாது. காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் குற்றத்தை மெய்ப்பிக்கச் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே வகுத்த நெறி. 2024-இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆம் பிரிவாக அந்த நெறி நிற்கிறது. அடித்து வாங்கியதும் அழுது சொன்னதும் காகிதத்தில் ஒன்றுபோலத்தானே இருக்கும்! காஞ்சி வழக்கில் அந்த நெறி காவலாக நின்றது. மகிழ்ச்சி. ஆனால் அதே காவல் சோலையார்பேட்டைப் பையன் ஒருவனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

1991 மே 21. திருப்பெரும்புதூரில் ராசீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு காவலரும் கட்சித் தொண்டரும் மாண்டனர். கொடிய செயல், அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. சூன் 11-இல் பேரறிவாளன் பிடிபட்டார். வயது 19. பெரியார் வழியில் வந்த குடும்பம். அவர் மீது விழுந்த பெரும்பழி, 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கித் தந்தார், அவை வெடிகுண்டுக்குப் பயன்பட்டன என்பதுதான். கடையில் பேட்டரி வாங்குவது குற்றமா? இல்லை. எதற்கு என்று தெரிந்து வாங்கினால்தான் குற்றம். தெரியும் என்பதற்கு முதன்மைச் சான்று எது? தடாச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, காவல்துறைக் கண்காணிப்பாளர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்!

1998 சனவரி 28-இல் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. இருபத்தாறு கழுத்து, ஒரே கயிறு! தடா வழக்கில் மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் கிடையாது, நேரே தில்லிதான். அங்கே 1999 மே 11-இல் 19 பேர் வெளியே வந்தனர். கொலை நடந்தபின் புகலிடம் தந்தது சதி ஆகாது, பழகியது சதி ஆகாது, உள்ளங்கள் உடன்பட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சதியின் எல்லையைச் சுருக்கியது. மேல்முறையீடு என்பது சடங்கல்ல, சல்லடை என்று காட்டிய தீர்ப்பு அது. அந்த அளவில் பாராட்டுவோம்.

அதே தீர்ப்பு, இது பயங்கரவாதச் செயல் அல்ல, தடாக் குற்றம் நிற்காது என்றும் சொன்னது. அப்படியானால் தடா வாக்குமூலம்? அது மட்டும் செல்லும் என்றது! கூரை விழுந்தது, கூரையில் கட்டிய கயிறு விழவில்லை. அந்தக் கயிற்றில் பேரறிவாளன், முருகன், சாந்தன், நளினி நால்வரையும் நிறுத்தினர்.

2013-இல், வாக்குமூலத்தை எழுதிய அதிகாரி தியாகராசனே வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னாராம். அதை எழுதினால் ஒப்புதல் வாக்குமூலம் ஆகாதென்று தாம் விட்டுவிட்டாராம்! 2017-இல் உச்ச நீதிமன்றத்திலும் அதை எழுதித் தந்தார். சதித் திட்டம் தங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது எனச் சிவராசன் பொட்டு அம்மானுக்கு 1991 மே 7-இல் அனுப்பிய கம்பியில்லாச் செய்தியும் வழக்கு ஏட்டிலேயே இருந்தது. அந்த மூவரில் பேரறிவாளன் இல்லை.

நளினியின் தூக்கு 2000-இல் குறைந்தது. மற்ற மூவருக்கும் 2014-இல், கருணை மனுவில் நேர்ந்த தாமதத்தால் குறைந்தது. தமிழக அமைச்சரவை 2018-இல் அனுப்பிய விடுதலைப் பரிந்துரையை ஆளுநர் மாளிகை அடைகாத்தது. 2022 மே 18-இல் 142-ஆம் பிரிவின்படி பேரறிவாளனையும், நவம்பர் 11-இல் மற்ற அறுவரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அற்புதம் அம்மாள் மகனைத் தழுவியபோது ஏறத்தாழ 31 ஆண்டுகள் போயிருந்தன. மகன் வீடு வந்தார். குற்றவாளி என்ற தீர்ப்பு ஏட்டிலேயே தங்கிவிட்டது. விடுபட்ட அந்த ஒரு வரியைச் சேர்த்து வைத்துச் சதியை மீண்டும் நிறுத்துப் பார்த்த மன்றம் எதுவும் இல்லை!

தடா 1995-இல் காலாவதியானது. பழங்கதை எதற்கு என்பார் உண்டு. பழங்கதையா? மும்பை இரயில் குண்டுவெடிப்பு வழக்கைப் பாருங்கள். 2006-இல் நடந்த கொடுமை. மராட்டியத் திட்டமிட்ட குற்றச் சட்டத்தில் வாங்கிய வாக்குமூலங்களை நம்பி, 2015-இல் ஐவருக்குத் தூக்கு, எழுவருக்கு ஆயுள். 2025 சூலை 21-இல் மும்பை உயர் நீதிமன்றம் அத்தனையையும் தள்ளியது. வாக்குமூலங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போல் இருந்தன. துன்புறுத்தி வாங்கியவை என்பதற்கும் தடயம் இருந்தது. அந்தத் தீர்ப்பை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாதென மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வாக்குமூலத்துக்கு இடந்தரும் 18-ஆம் பிரிவோ அந்தச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. குசராத்தும் 2019-இல் அத்தகைய சட்டம் செய்துகொண்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற சட்டங்கள் இவை.

புதுவையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் தில்லிக்குச் செல்லும் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கட்டும்: மடத்துத் தலைவருக்குக் காவலாக நின்ற அந்த 23-ஆம் பிரிவு, பேட்டரி வாங்கிய பையனுக்கு எந்த மாநிலத்தில் நிற்கும், எந்த மாநிலத்தில் நிற்காது?